எங்கள் வீட்டுக் கறுப்பழகி

அலகேசியா பிளாக் வெல்வெட். இந்தப் பெயர் எழுதிய சீட்டோடு நர்சரியில் ஒரே ஒரு தொட்டி மிச்சமிருந்தால், யோசிக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். விலையை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். மல்லிகை, செம்பருத்தி, மணி பிளான்ட், மாடித்தோட்டத்துக் கத்தரிக்காய் என்று எல்லாச் செடிப் பைத்தியமும் பிடித்துத் தெளிந்தவள் நான். இந்தப் பைத்தியம் மட்டும் தெளியவில்லை. தெளிய வைத்தியம் பார்க்கும் உத்தேசமும் இல்லை.

அப்படி என்ன இருக்கிறது இதில்? மொத்த உயரமே ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். எந்த நேரத்தில் எண்ணினாலும் நாலைந்து இலைக்கு மேல் தேறாது. ஆனால் அந்த இலை! விரித்த உள்ளங்கை அகலம். வெற்றிலையைவிட உருண்டையான இதய வடிவம். விரலுக்கிடையில் பிடித்தால் நல்ல கனம். நிறம் கறுப்பு. நடுநரம்பும் அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும் மட்டும் வெள்ளிச் சாம்பல். கறுப்பு வெல்வெட் ரவிக்கையில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து வெள்ளி ஜரிகை இழைத்த மாதிரி இருக்கும். தலைக்கு மேலிருந்து பார்த்தால் ஒரே இருட்டு. சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது குனிந்து பாருங்கள்: இலை முழுவதும் பொடிப்பொடியாக மினுங்கும். எண்ணெய் தடவிய பளபளப்பு இல்லை அது. உள்ளிருந்து கசிகிற மினுக்கம். செல்போன் டார்ச்சை இலைக்கு அடியில் பிடித்தால் இன்னொரு வேடிக்கை. கறுப்பு சட்டென்று விலகி அடர்ந்த பச்சை தெரியும். வீட்டுக்கு வருகிற ஒருவரையும் இதைக் காட்டாமல் நான் அனுப்புவதில்லை.

போட்டோ எடுத்து அனுப்பு என்று தோழிகள் கேட்பார்கள். எடுத்து அனுப்பினால் ஏமாந்து போகிறார்கள். செல்போன் கேமரா இந்தக் கறுப்பைக் கண்டால் திணறுகிறது. இருட்டாக இருக்கிறதே என்று தானாக வெளிச்சத்தைக் கூட்டி, இலையை ஏதோ சாம்பல் பச்சையாக்கித் தொலைக்கிறது. நேரில் வந்து பார்க்க வேண்டிய செடி இது.

நேரில் வந்து பார்த்தவர்களில் மசியாத ஆள் ஒருவர்தான். எங்கள் அம்மா.

“ஏண்டி, இது சேப்பங்கிழங்குச் செடிதானே? நம்ம ஊர்ல வாய்க்கால் ஓரம் பூரா இதான் மண்டிக் கெடக்கும். இதுக்குப் போயா காசு குடுத்தே?”

“இது வேறம்மா. போர்னியோலேர்ந்து வந்தது.”

“எங்கேர்ந்து வந்தா என்ன, கிழங்கு வெக்குமா?”

அம்மாவின் கண்ணைக் குறை சொல்ல முடியாது. தாவரவியல்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். சேம்பு, சேனை, கருணை, ஏரியில் மிதக்கும் ஆகாயத்தாமரை, கல்யாண மேடையில் செருகும் ஆந்தூரியம், பாட்டிலில் வளரும் மணி பிளான்ட் எல்லாம் ஒரே குடும்பம். அலகேசியாவும் அந்தக் குடும்பந்தான். அதிலும் சேம்புக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம். சொந்தம் என்றால் குணமும் ஒட்டிக்கொண்டிருக்குமே. சேப்பங்கிழங்கைச் சரியாக வேகவிடாமல் சாப்பிட்டால் நாக்கும் தொண்டையும் காறுமே, அதற்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசி ஊசியாகப் படிந்திருப்பது. இந்தக் கறுப்பழகியின் இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் அதே ஊசிகள். ஒடித்தால் கசியும் சாறு கையில் பட்டால் அரிக்கும். வாயில் போனால் எரிந்து வீங்கும். தவழ்கிற குழந்தையோ, கண்டதைக் கடிக்கிற நாய்க்குட்டி, பூனைக்குட்டியோ இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும். தொட்டி மாற்றும்போது நான் கையுறை போட்டுக்கொள்வேன். சேனை நறுக்குவதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளும் அம்மாவுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சரி, கறுப்புக்கு வருவோம். என்னை உண்மையிலேயே கிறங்கடித்தது அழகு மட்டுமில்லை, அந்த அழகு எதற்காக என்று தெரிந்ததுதான்.

போர்னியோத் தீவின் வடக்கில் இருக்கும் மலேசிய மாநிலமான சபாதான் இதன் பிறந்த வீடு. 1990களின் கடைசியில் அலிஸ்டர் ஹே என்ற தாவரவியலாளர் முறையாக விவரித்து, அலகேசியா ரெஜினுலா என்று அறிவியல் பெயர் வைத்தார். மழைக்காட்டில் மரங்கள் ஐம்பது, அறுபது மீட்டர் உயரம் எழும்பி மேலே கூரை போட்டுவிடும். அந்தக் கூரையை மீறித் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அதிலும் செடிகள் அதிகம் விரும்பும் சிவப்பும் நீலமும் மேலே இருக்கும் இலைகளுக்கே போய்விடும். கீழே வருவது கழித்துப்போட்ட மிச்சம். அந்த மிச்சத்தைத் தின்று பிழைக்க வேண்டும் என்றால் ஒரு துளி வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பக் கூடாது. வெளிச்சம் திரும்பி வராத பொருள் நம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கறுப்பாகத்தான்.

அந்த வெல்வெட் மினுக்கத்துக்கும் வேலை இருக்கிறது. சாதாரண இலையின் மேல்தோல் செல்கள் தட்டையாக இருக்கும். சாய்ந்து வரும் வெளிச்சம் பட்டு வழுக்கிப் போய்விடும், அதைத்தான் பளபளப்பு என்கிறோம். காட்டுத்தரை வெல்வெட் இலைகளில் ஒவ்வொரு செல்லும் குமிழாகப் புடைத்திருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் ஏதாவது ஒரு வளைவு அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிடும். தள்ளுவதோடு நிற்காமல், குவிக்கவும் செய்யும். அதாவது ஒவ்வொரு செல்லும் ஒரு லென்ஸ்! உள்ளங்கை அகல இலையில் கண்ணுக்குத் தெரியாத எத்தனை ஆயிரம் லென்ஸ்கள் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இதை எழுதும்போதே சிலிர்க்கிறது.

லென்ஸ் விஷயத்தை முதலில் ஊன்றிக் கவனித்தவர் கோட்லீப் ஹாபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர். 1891-92 வாக்கில் ஜாவாவுக்குக் கப்பலேறிப் போய், இன்று போகோர் என்று அழைக்கப்படும் ஊரின் தாவரவியல் பூங்காவில் தங்கி வெப்பமண்டலச் செடிகளை ஆராய்ந்தவர். இலைகள் வெளிச்சம் வரும் திசையை அறிவது இந்தக் குமிழ்ச் செல்களால்தான், இவை செடியின் கண்கள் என்று 1905இல் ஒரு புத்தகமே போட்டார். கண் என்பது கொஞ்சம் அதிகம் என்று பிற்பாடு வந்தவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் மழைக்காட்டு நிழல் செடிகளை எடுத்து அளந்து பார்த்து, செல்கள் லென்ஸாக வேலை செய்து உள்ளே வெளிச்சத்தைக் குவிப்பது நிஜந்தான் என்று உறுதி செய்தார்கள்.

இதே ஹாபர்லாண்ட் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். இது தெரியவந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. செடியிலிருந்து ஒற்றைச் செல்லைப் பிரித்தெடுத்து, சத்துக் கரைசலில் போட்டு, அதிலிருந்து முழுச் செடியையும் வளர்க்க முடியும் என்று 1902இலேயே சொன்னவர் அவர்தான். அவர் வளர்க்கப் பார்த்த செல்கள் சில வாரம் உயிரோடு இருந்தன, பிரிந்து பெருகவில்லை. ஆசை அவரோடு நிற்காமல் மற்றவர்களைத் தொற்றிக்கொண்டது. 1962இல் முராஷிகே, ஸ்கூக் இருவரும் வகுத்த ஊட்டக் கலவை வந்தபின் திசு வளர்ப்பு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. நம் ஊர் வாழைத் தோட்டத்துக்கு வரும் ஜி-9 கன்றுகள் அப்படி வருகிறவைதான். பிளாக் வெல்வெட்டும் அப்படித்தான் வருகிறது. காட்டிலிருந்து பிடுங்கிவந்த அபூர்வச் சரக்காக இருந்திருந்தால் என்னால் எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது; ஆய்வகத்தில் பெருகுவதால்தான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இலையின் லென்ஸைக் கண்டவரும், அந்த இலை என் ஜன்னலுக்கு வந்துசேர வழி சொன்னவரும் ஒரே மனிதர்! வாழ்க மகானுபாவர்.

வாங்குகிற விஷயம். சென்னை நர்சரிகளுக்கு வரும் செடிகளில் பெரும்பகுதி ஆந்திராவின் கடியத்திலிருந்தோ கேரளத்தின் மண்ணுத்தியிலிருந்தோ வருபவை. இப்போது கூரியரிலும் வருகிறது: மண்ணை உதறி, வேரை ஈரப் பாசியில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்து அனுப்புகிறார்கள். சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு இலையோடு வரும் திசு வளர்ப்புக் குஞ்சுகள் மலிவுதான், ஆனால் முதல் மாதம் ரொம்பப் படுத்தும். ஆய்வகத்துப் புட்டியில் நூறு சதவீத ஈரப்பதத்தில் பிறந்தவை அவை. வெளிக்காற்று பட்டதும் சோர்ந்து விழும். புதிதாக வளர்ப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து, வேர் நன்றாக ஓடிய, மூன்று நாலு முற்றிய இலை உள்ள செடியாகப் பார்த்து வாங்குவது உத்தமம். தொட்டியை லேசாகச் சாய்த்துத் தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வீட்டுக்கு. கொழகொழத்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இனி வெளிச்சம். காட்டுத்தரைச் செடிதானே, ஹாலின் மூலையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் ஜம்மென்று வளராதா என்று தோன்றும். வளராது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அதில் ஒன்றிரண்டு சதவீதம் என்றாலும் ஆயிரம், இரண்டாயிரம் ஆகிறது. நம் ஹாலின் நடுவில் பகலில் அளந்தால் இருநூறு, முந்நூறு தேறினால் அதிகம். நம் கண் எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்வதால் அது நமக்கு உறைப்பதில்லை. காட்டின் இருட்டு வேறு, வீட்டின் இருட்டு வேறு. அதனால் ஜன்னலை ஒட்டித்தான் இதற்கு இடம். அங்கே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். செடி சும்மா பிழைத்துக் கிடக்காமல் தழைக்கும்.

எங்களுடையது வடக்குப் பார்த்த ஜன்னல். இது என் பூர்வஜென்மப் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சித்திரை பிறக்கும்வரை. சென்னை இருக்கும் அட்சரேகையில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்வாக உள்ளே நுழையும். அக்னி நட்சத்திரத்து வெயில் ஒரு மணி நேரம் இந்த இலையில் விழுந்தால் போதும், தீய்ந்த தழும்பு விழும். துளி வெளிச்சத்தையும் விடாத உடம்பு, குடம் வெளிச்சத்தை என்ன செய்யும்? பழைய வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்துத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறேன். நைந்து மெலிந்த நாலு முழ வேட்டிக்கு ஈடான வெயில் வடிகட்டி எந்தக் கடையிலும் கிடையாது. ஜன்னலே சரியில்லாத வீடு என்றால் வெள்ளை எல்இடி டியூப் லைட்டை ஒன்றரை அடி உயரத்தில் கட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். அதிலும் அழகாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

அலகேசியாக்களில் பெரும்பாலானவை சாவது தாகத்தால் அல்ல, தாய்ப்பாசத்தால். தினம் ஒரு டம்ளர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். கலவையின் மேல் ஒரு அங்குலம் காய்ந்தபின், தொட்டியின் அடியில் வழிந்து ஓடும்வரை ஒரே தடவையாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். அதோடு விஷயம் முடிந்தது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று கைக்குத் தெரிந்துவிடும். இந்தத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் விரலை மண்ணில் விட்டுக் குடைய வேண்டாம்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் சென்னைக்காரர்களின் தலைவலி. ஆர்ஓ மெஷினிலிருந்து கழிந்து வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது பாதி வீடுகளில் வழக்கம். தயவுசெய்து இந்தச் செடிக்கு வேண்டாம். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்து இறங்குவது அந்தத் தண்ணீரில்தான். கொஞ்ச நாளில் கலவையின் மேல் வெள்ளைப் பொருக்கு கட்டும், இலை ஓரம் காயும். போர் தண்ணீரை இலைமேல் தெளித்தாலும் கறுப்புப் பரப்பில் சுண்ணாம்புப் புள்ளி பளிச்சென்று தெரியும், துடைத்தாலும் முழுசாகப் போகாது. மழைத்தண்ணீர் அமிர்தம். ஐப்பசி, கார்த்திகையில் குடம் குடமாகப் பிடித்து மூடி வைக்கிறேன். அது தீர்ந்தால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது என்பதால் அதில் உப்பு இருக்காது. ஏசி தண்ணீர் நல்லது, ஏசி காற்று ஆகாது: குளிர்ந்த வறண்ட காற்று நேரே முகத்தில் அடித்தால் ஒரு வாரத்தில் இலை தொங்கிவிடும்.

கலவை. ஆஹா, இதைப் பற்றிப் பேச எனக்குத் தனியாக ஒரு கட்டுரையே வேண்டும். செம்மண், எரு, மணல் எல்லாம் மறந்துவிடுங்கள். நர்சரியிலிருந்து பெரும்பாலும் வெறும் தென்னைநார்க் கழிவில் நட்டுத்தான் வரும். அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடவே விடாது. இந்த வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அதே அளவு காற்றும் முக்கியம். தேங்காய் மட்டையைப் பாக்கு அளவில் நறுக்கியது இரண்டு பங்கு, அடுப்புக்கரியை உடைத்தது ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி. மட்டைத் துண்டுகளை முதலில் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காப்பி நிறத்தில் சாயம் இறங்குவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். அதில் உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கும். கலந்து முடித்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் கரி போடுங்கள்.

தொட்டி சின்னதாகவே இருக்கட்டும். பெரிய வீடு கட்டிக் கொடுத்தால் வேர் எட்டாத இடமெல்லாம் ஈரம் தங்கிப் புளிக்கும். நான் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டம்ளரில் ஓட்டை போட்டு நட்டு, அதை ஒரு பீங்கான் ஜாடிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். வெள்ளை வெளேரென்று வேர் சுற்றி வருவதைத் தூக்கித் தூக்கிப் பார்க்கலாம். இதைவிட நல்ல பொழுதுபோக்கு உண்டா சொல்லுங்கள்.

ஈரப்பதத்தில் கடலோரக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நாம் வியர்த்து வழிந்து திட்டிக்கொண்டிருக்கும் புழுக்கத்தில் இது சொகுசாகச் சாய்ந்து நிற்கும். மதுரை, கோவைப் பக்கத்துக் கோடைதான் இதற்குக் கஷ்டம். அங்கே இருக்கும் என் நாத்தனார், பழைய மீன் தொட்டிக்குள் செடியை இறக்கி, மேலே பாதி மூடி வைத்திருக்கிறாள். என்னுடையதைவிடச் செழிப்பாக இருக்கிறது என்பதை இங்கே பெருந்தன்மையோடு பதிவு செய்கிறேன். உரத்துக்கு, உழவர் கடைகளில் கிடைக்கும் பத்தொன்பது-பத்தொன்பது-பத்தொன்பது ஒரு சிட்டிகை எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, புது இலை வரும் காலங்களில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

புது இலை! இதுவரை சொன்னதெல்லாம் இதற்காகத்தான். கடைசியாக வந்த இலையின் காம்பு அடியில், உறை மாதிரி இருக்கும் பகுதி லேசாகப் புடைக்கும். சில நாளில் அந்த உறை பிளந்து, இறுகச் சுருட்டிய ஒரு பச்சைக் குச்சி எட்டிப் பார்க்கும். இளம் பச்சை, மாந்தளிர் வெளுப்பு; இவள் வயிற்றில் பிறந்ததா இது என்று சந்தேகமே வரும். குச்சி நீண்டு, ஒரு பக்கத்திலிருந்து சுருள் அவிழத் தொடங்கும். அவிழும் நாளில் இலை எவ்வளவு மெலிசு தெரியுமா! மறுபக்கத்து விரலின் நிழல் தெரியும். ஆசைப்பட்டுத் தொட்டுவிடாதீர்கள், தொட்ட தடம் கடைசிவரை தழும்பாக நிற்கும். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும், பச்சை அடரும், நரம்பை ஒட்டிய இடம் ஒரு வேகத்தில், ஓரம் வேறொரு வேகத்தில் கறுக்கும். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் வெல்வெட் வந்திருக்கும். முந்தைய நாள் சாயங்காலம்வரை வெறும் இலை!

அந்த நாட்களில் விடியற்காலையில் பார்த்தால் முற்றிய இலைகளின் கூர்நுனியில் ஒரு சொட்டு நீர் நிற்கும். பனி இல்லை, யாரும் தெளித்ததும் இல்லை. இரவில் இலைத்துளைகள் மூடிக்கிடக்க, வேர் ஏற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் இலை நுனி வழியாகத் துளித்து வெளியே வருகிறது. செடி சுகமாகக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்பு இலையின் நுனியில் அந்தச் சொட்டைப் பார்ப்பதற்காகவே அலாரம் வைத்து எழுந்திருக்கலாம்.

புதிது வர வர, பழைய இலை ஒன்று மஞ்சளாகிச் சாயும். வாங்கியவர்கள் எல்லாரும் பதறுகிற கட்டம் இது. அது இயல்பு; அந்த இலையின் சத்தை உறிஞ்சிப் புது இலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் கைவிடுகிறது. முழுசாக மஞ்சளாகிக் காம்பு தானாகக் கழன்று வரும்வரை விட்டுவிடுங்கள். மார்கழிக் குளிரில் ஒன்றுமே நடக்காமல் உம்மென்று இருக்கும். பதினைந்து டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களில் இலை மொத்தமும் உதிர்ந்து கிழங்கு மட்டும் உறங்கும். செத்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, கதகதப்பான இடத்தில் வைத்தால் துளிர்க்கும்.

கிழங்கு என்றதும் நினைவுக்கு வருவது குட்டிக் கிழங்குகள். தொட்டி மாற்றும்போது வேர்களுக்கு நடுவே பட்டாணி அளவில், பழுப்புத் தோல் மூடிய முத்துகள் சின்ன நூலில் தொங்கும். புதையல் அது! தோலை நகத்தால் மெதுவாக உரித்தால் உள்ளே இளம் மஞ்சள் வெள்ளை. பார்சல் பிரியாணி வரும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை வாசனை போகக் கழுவி, ஈரமாகப் பிழிந்த பாசியைப் பரப்பி, கூர்முனை மேலே இருக்கும்படி பாதி புதைத்து, மூடிவிட வேண்டும். வெளிச்சமும் வெதுவெதுப்பும் இருக்கிற இடத்தில் டப்பாவை வைத்து, வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விட்டால் போதும். சில கிழங்கு சில வாரத்தில் முளைக்கும், சில மாதக்கணக்கில் நம்மைச் சோதிக்கும். முதலில் வெள்ளையாக ஒரு மூக்கு, அப்புறம் வேர், அப்புறம் நகத்தளவில் ஒரு இலை. அந்த நகத்தளவு இலையிலேயே நரம்பு வெள்ளியில் ஓடியிருக்கும். எங்கள் அபார்ட்மென்டில் இப்போது பிரியாணி டப்பாவை யாரும் தூக்கிப் போடுவதில்லை. எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.

பூச்சித் தொல்லை என்றால் முக்கியமாகச் சிலந்திப்பேன், அதற்கடுத்து மாவுப்பூச்சி. காற்று வறண்டால் முதலாவது வரும். இலையின் அடிப்பக்கம் பொடி தூவிய மாதிரி தெரிந்தால் உஷார். வேப்பெண்ணெயைக் கரைத்து அடிக்கலாம், ஆனால் மேற்பரப்பில் எண்ணெய் படிந்தால் வெல்வெட் மங்கிவிடும் என்பதால் நான் அடிப்பக்கத்துக்கு மட்டும் பஞ்சால் தடவுகிறேன். தூசி தட்டப் பெயின்ட் அடிக்கும் மெல்லிய தூரிகை போதும். இலைக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்பிரே விற்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பூவும் உண்டு. வெளுத்த மடலுக்குள் ஒரு சின்னத் திரி. அடியில் பெண் பூக்கள், மேலே ஆண் பூக்கள். பெண் முதலில் முற்றி, அது ஓய்ந்தபின் ஆண் மகரந்தம் உதிர்க்கும். தன் மகரந்தம் தன்மேல் படாமலிருக்க இந்த ஏற்பாடு. சத்து வீணாகிறது என்று பலர் மொட்டிலேயே கிள்ளிவிடுகிறார்கள். இலையைப் பார்த்துக் கட்டிக்கொண்டவள் நான், பூ எனக்குப் பெரிதில்லை, கிள்ளிவிடுவேன்.

ஒன்றோடு நிற்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கறுப்பழகிக்குத் துணையாக லுடிசியா வந்துவிட்டாள். கறுப்பு வெல்வெட் இலையில் செப்பு நிறக் கோடு ஓடும் ஆர்க்கிட், அடிப்பக்கம் சிவப்பு. நம் வடகிழக்கு மாநிலங்களின் காடுகளிலும் வளர்கிறாள். அலகேசியா அமேசானிக்காவும் இருக்கிறது. அமேசானுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. 1950களில் மயாமியில் அமேசான் என்ற பெயருள்ள நர்சரியில் உருவான கலப்பு, தாய் தகப்பன் இருவரும் நம் பக்கத்து ஆசியாக்காரர்கள். அடுத்து குப்ரியா வேண்டும். போர்னியோக்காரிதான், இலை தேய்த்து வைத்த செப்புக் குடத்தின் நிறம். விலையும் பேசியாயிற்று. வடக்கு ஜன்னல் திட்டில்தான் இனி ஒரு டம்ளர் வைக்கவும் இடமில்லை. அடுத்த அறையின் ஜன்னலை ஒட்டி வீட்டுக்காரரின் கம்ப்யூட்டர் மேசை கிடக்கிறது. சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டால் கண்ணுக்கு நல்லது, திரையில் கூசாது என்று எடுத்துச் சொல்லி வருகிறேன். பேச்சுவார்த்தை தொடர்கிறது.